2.5 லீற்றர் டீசல் டபிள் கெப்புக்கு இரட்டைச் சைலன்சர் போடலாமா? என்ன சைஸ் பைப், எந்தப் பெட்டி?

கேட்டவர் கல்முனைக்காரர். வண்டி 2.5 லீற்றர் டீசல் ஹைலக்ஸ். வயலுக்கும் போகிறது, குடும்பத்தோடு மட்டக்களப்பு, அம்பாறை என்றும் ஓடுகிறது. பின்பக்கம் இரண்டு புகைக்குழாய் தெரியவேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் என்ஜினில் நாலு சிலிண்டர் ஒரே வரிசையில், புகையால் சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போ ஒன்று, அதிலிருந்து இறங்கும் பைப்பும் ஒன்று. வி8 (எட்டு சிலிண்டர், இரண்டு வரிசை) மாதிரி என்ஜினில்தான் இரண்டு வரிசைக்கும் தனித்தனி மெனிஃபோல்ட் (சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் குழாய்), தனித்தனிப் பைப் என்று உண்மையான இரட்டை அமைப்பு வரும். உங்களுக்கு முடிந்தது ஒரு பைப்பை ஒய் (Y வடிவ இணைப்பு) போட்டுப் பிரிப்பது மட்டும். அதனால் இழுவை அதிகரிக்காது. வி8 சத்தமும் வராது, ஏனென்றால் சிலிண்டர் நாலுதான், சத்தத்தில் ஒரு பங்கை டர்போவும் அடக்கிவிடுகிறது. அழகுக்குத்தான் செய்கிறோம் என்று வைத்துக்கொண்டால் செலவையும் அளவோடு வைக்கலாம்.

சைஸ். 1.5 மில்லிமீற்றர் தகட்டில் 2½ அங்குலப் பைப்பின் உள்பரப்பு ஏறத்தாழ 4.5 சதுர அங்குலம். இரண்டு 2 அங்குலப் பைப் சேர்ந்தால் 5.6. கம்பனி நிலையில் இருக்கும் 2.5 லீற்றர் என்ஜினுக்கு நடுப் பைப் 2½, கிளைகள் 2 அங்குலம் தாராளம். டர்போவும் டீசல் அளவும் கூட்டி டியூன் பண்ணிய வண்டிக்குத்தான் 3 அங்குலம் வேண்டும்; அப்போது கிளைகளை 2¼ ஆக எடுங்கள். கிளைகளையும் 2½ இல் போட்டால் புகை மெதுவாகி ஆறி, பைப்புக்குள் தண்ணீர் தங்கும். நீளம் கூடிய பக்கம் முதலில் துருப்பிடிப்பது இதனால்தான். "பேக் பிரஷர் கொஞ்சம் இருக்கவேணும்" என்று கராஜில் சொல்வார்கள். டர்போவுக்குப் பின்னால் அந்த எதிரழுத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

எங்கே பிரிப்பது என்பதுதான் இதில் உள்ள உண்மையான வேலை. இரண்டு பக்கமும் கொண்டுபோவதென்றால் பின் ஆக்சிலுக்கு மேலால் இரண்டு பைப் ஏறி இறங்கவேண்டும். அங்கே பிரேக் பைப், ஹேண்ட்பிரேக் கேபிள், சுமைக்கேற்பப் பிரேக்கை மாற்றும் வால்வின் கம்பி, எல்லாம் நெருக்கமாக ஓடுகின்றன. பின்னால் ஸ்பெயார் வீலும் தொங்குகிறது. டீசல் டாங்கிப் பக்கம் போகும் கிளைக்கு வெப்பத் தகடு கட்டாயம். என் தெரிவு இதுவல்ல: ஒரே பைப்பாக ஆக்சிலைத் தாண்டி, அதன் பின்னால் ஒய் போட்டு, ஒரே பக்கத்தில் இரண்டு வாய் வைப்பது. தோற்றத்தில் பெரிதாக ஒன்றும் குறையாது. பைப் பாதியாகும், ஸ்பெயார் வீலையும் தொடவேண்டாம்.

இரண்டு பக்கமும்தான் வேண்டுமென்றால் அளவெடுக்கும் முறையில் கவனம். வண்டியை ஹொயிஸ்டில் தூக்கி, ஆக்சில் தொங்கும் நிலையில் பைப்பை வளைத்து ஒட்டிவிடுகிறார்கள். அறுவடை நேரம் 15 நெல் மூடை ஏற்றினால் அது ஒரு தொன்னுக்குக் கிட்ட வரும். வில்லு அமுங்கி ஆக்சில் மேலேறும், பைப்பில் முட்டும். சில்லுகள் நிலத்தில் நிற்கும்போது ஆக்சிலுக்கும் பம்ப் ஸ்டொப்புக்கும் (ஆக்சில் மேலேறும்போது தடுக்கும் ரப்பர் கட்டை) இடையிலான இடைவெளியை அளந்து, அதோடு 25 மில்லிமீற்றர் கூட்டி, பைப்புக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் விடுங்கள். பிரேக் பைப்புக்கும் ரப்பர் குழாய்களுக்கும் 50 மில்லிமீற்றராவது தள்ளி நிற்கவேண்டும்.

பைப்பின் தரம். கல்முனை, சாய்ந்தமருது, காத்தான்குடி மாதிரிக் கடற்காற்றுப் படும் இடத்தில் சாதாரண இரும்பு நிலைக்காது. 409 என்ற ஸ்டெயின்லெஸ் ரகம் மேல் துரு காட்டும், ஆனால் ஓட்டை விழ நாளெடுக்கும். 304 நல்லது. படிக்கட்டுக் கைப்பிடிக்கு விற்கும் பளபளப்பான பைப்பை இதற்கு வாங்கவேண்டாம். அது பெரும்பாலும் மெல்லிய தகடு, 201 ரகமாகவும் இருக்கலாம். காந்தம் வைத்துப் பார்த்தால் 304 உம் 201 உம் ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனை ஏமாற்றும். தகடு 1.5 மில்லிமீற்றர், வளைவுகள் மண்ட்ரலில் (பைப் நசுங்காமல் உள்ளே அச்சு வைத்து) வளைத்தவை என்று கேட்டு வாங்குங்கள். பிரஸ்ஸில் நசுக்கி வளைத்தால் 2 அங்குலப் பைப் வளைவில் 1¾ ஆகிவிடும்.

304 ஐ ஆர்கன் வெல்டிங்கில்தான் ஒட்டவேண்டும், பைப்பின் உள்பக்கமும் ஆர்கன் நிரப்பி. உள்ளே காற்று இருந்தால் ஒட்டின் அடி கருகிப் பொரிந்து, அந்த இடத்திலிருந்தே வெடிக்கும். பழைய இரும்புப் பைப்போடு சேர்க்கும் ஒட்டுக்கு 309 ரக வெல்டிங் கம்பி. வண்டியில் வைத்து ஒட்டுவதானால் பற்றரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, எர்த் கிளிப்பை ஒட்டுக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். தூரத்தில் போட்டால் மின்னோட்டம் கம்பிகள் வழியாகவும் பெயாரிங் வழியாகவும் போகும்.

3 மீற்றர் 304 பைப் 300 பாகை சூடேறினால் ஏறத்தாழ 16 மில்லிமீற்றர் நீளும். அதனால் எல்லா இடத்திலும் இறுக்கிக் கட்டக்கூடாது. டர்போவிலிருந்து இறங்கும் டவுன் பைப்புக்குப் பிறகு ஒரு ஃபிளெக்ஸ் (வளைந்து கொடுக்கும் துண்டு), மற்றதெல்லாம் ரப்பர் ஹேங்கரில், மீற்றருக்கு ஒன்றாவது. சேஸியில் நேரடியாக ஒட்டிய சைலன்சர் எங்கோ ஓரிடத்தில் விரிசல் விடும்.

சைலன்சர் பெட்டி ஒன்று போதும், ஒய்க்கு முன்னால். கிளைக்கு ஒன்றாக இரண்டு சின்னப் பெட்டி போட்டால் 2000 சுற்றில், அதாவது நெடுஞ்சாலை வேகத்தில், கபினுக்குள் ஒரு முழக்கம் பிடிக்கும். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை பிள்ளைகளோடு அதைக் கேட்டுக்கொண்டு போகமுடியாது. புகை நேராகவே ஊடுருவிப் போகும் நேர்வழிப் பெட்டியாக இருந்தால் உடல் 18 அங்குலத்துக்குக் குறையாமல் பாருங்கள்.

கெட் (புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டர்), டிபிஎஃப் (டீசல் கரிவடிகட்டி) இருந்தால் வெட்டவேண்டாம். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. சத்தம் கூடிய சைலன்சருக்குப் பொலிஸ் மறிப்பதும் உங்களுக்குத் தெரிந்ததே.

வாய்கள் பம்பரைத் தாண்டி 25 மில்லிமீற்றராவது வெளியே நிற்கட்டும். உள்ளே நின்றால், ஓடும்போது பின்னால் உருவாகும் சுழலில் புகை சாமான் ஏற்றும் பின்தட்டுக்கு ஏறும், அங்கே ஆள் இருந்தால் ஆபத்து. வரம்பிலும் வாய்க்காலிலும் இறங்கும் வண்டி என்பதால் பம்பரின் கீழ்விளிம்புக்குக் கீழே தொங்கவிடவும் வேண்டாம். மார்கழி வெள்ளத்தில் என்ஜின் ஓடும்வரை புகையே தண்ணீரைத் தள்ளும். நின்றுவிட்டால் பெட்டி நிரம்பும், ஆகவே பெட்டியின் அடியில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போடச் சொல்லுங்கள். அறுவடை முடிந்த வயலில், சூடான பைப்புக்குக் கீழே வைக்கோல் கிடக்க வண்டியை நிறுத்தக்கூடாது.

பொருத்தி 300 கிலோமீற்றர் ஓடியபின், ஆறிய பைப்பில் எல்லாக் கிளாம்பையும் மறுபடி இறுக்குங்கள். இணைப்பில் கறுப்புக் கோடு தெரிந்தால் அங்கே புகை கசிகிறது, அந்த ஒட்டைப் பிரித்துத் திரும்பச் செய்யவேண்டும், மேலே பசை பூசுவது நிற்காது.