கணவர் நினைத்தால் கிரீன் காட்டைப் பறிக்க முடியுமா?

கேள்வி: அக்கா, எனக்கு 28 வயது. சொந்த இடம் விசுவமடு. 2023 ஆவணியில் கிளிநொச்சியில் எழுத்தும் தாலிகட்டும் நடந்தது. அவர் நியூ ஜேர்சியில் இருக்கிற அமெரிக்கப் பிரசை. கலியாணத்துக்காக இரணைமடுவுக்குக் கீழே இருந்த இரண்டு ஏக்கர் வயலை அப்பா விற்றவர். 2024 ஐப்பசியில் நான் போய்ச் சேர்ந்தேன். எட்டு ஒன்பது மாதம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு குடி, சந்தேகம், இரண்டு தரம் கை நீட்டினவர். கார்த்திகையில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டேன். அம்மாவுக்கு ஒப்பரேசன் என்று தை மாதம் ஊருக்கு வந்தேன். மூன்று மாதமாகிறது. என் கிரீன் காட் (அமெரிக்க நிரந்தர வதிவிட அட்டை) இந்த ஐப்பசியோடு முடிகிறது. “நான் ஒரு கடிதம் போட்டால் உன்ர காட் போச்சு” என்று வட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அவருடைய பெரியப்பா ஒரு கடதாசியோடு வீட்டுக்கு வந்து, இதில் கையெழுத்து வைத்தால் மூன்று மாதத்தில் விவாகரத்து முடிந்துவிடும் என்கிறார். ரொறன்ரோ மாமி “பிரிஞ்சால் ஒண்டும் நடக்காது” என்கிறா. வீட்டில் “போனது போகட்டும், இங்கேயே இரு” என்கிறார்கள். எனக்குத் திரும்பிப் போய் வேலை செய்யத்தான் விருப்பம். என்ன செய்வது?
— விசுவமடு வாசகி

பதில்: தங்கச்சி, அவர் கடிதம் போடலாம். ஒன்றல்ல, பத்துப் போடலாம். அதனால் மட்டும் காட் போகாது. காட்டைத் தந்தது அந்த நாட்டு அரசாங்கம். உங்களுக்காக விண்ணப்பித்தவர்தான் உங்கள் கணவர். நீங்கள் விசாவோடு போய் அங்கே வதிவாளராக இறங்கிய அன்றே, “ஸ்பொன்சரைத் திருப்பி எடுக்கிறேன்” என்று சொல்லும் கட்டம் அவருக்கு முடிந்துவிட்டது. ஆனால் மாமி சொல்வது போல ஒன்றும் நடக்காது என்றும் இருந்துவிடாதீர்கள். நீங்கள் சும்மா இருந்தால் ஐப்பசியில் உங்கள் வதிவிட உரிமை தானாகவே முடியும். அவர் பறிக்கவே தேவையில்லை.

நம்முடைய பாஷையில் சொன்னால், உங்கள் கையில் இருப்பது உறுதிக் காணி இல்லை, அரசாங்கம் நிபந்தனையோடு தருகிற பெர்மிட் காணி. கலியாணமாகி இரண்டு வருடம் நிறைய முன்பு வதிவாளராக அங்கே போகிறவருக்கு அமெரிக்கா முதலில் தருவது இரண்டு வருட நிபந்தனைக் காட். நீங்கள் போகும்போது கலியாணமாகிப் பதினான்கு மாதம். இரண்டு வருடம் கழித்துப் போயிருந்தால் நிபந்தனை இல்லாத பத்து வருடக் காட் கிடைத்திருக்கும். அந்தக் காட் கையில் இருக்கிறவருக்கு விவாகரத்து ஆனாலும், கலியாணம் உண்மையானதாக இருந்தால், காட்டுக்கு ஒன்றும் ஆகாது. பேர் மாறினால் மாற்றிக்கொள்வதோடு சரி.

2009க்குப் பிறகு மீள்குடியேறி வந்தபோது நம்மில் கனபேரிடம் பெர்மிட் கடதாசியே இருக்கவில்லை. இடம்பெயர்ந்த வழியில் எந்தப் பைக்குள் போனதோ, எந்தப் பங்கருக்குள் போனதோ. என் அப்பா காணி அதிகாரியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது, தான் வெட்டின கிணற்றையும் காய்த்துக்கொண்டு நின்ற தென்னைகளையும்தான். கிணறு வெட்டினவன் அங்கே இருந்தவன் என்று அந்த மனிதருக்கும் விளங்கியது. அமெரிக்க அதிகாரி உங்களிடம் கேட்கப்போவதும் அதே கிணறும் தென்னையும்தான்: இந்த மனிதரோடு உண்மையாகக் குடும்பம் நடத்தத்தான் கலியாணம் கட்டினீர்களா? கலியாணம் நிலைத்ததா என்பது அதற்குப் பிறகான கேள்வி.

இனி வேலைக்கு வருவோம். நிபந்தனையை எடுக்கிற படிவத்துக்கு ஐ-751 என்று பெயர். சேர்ந்து வாழ்கிறவர்கள், காட் முடிய முன் உள்ள 90 நாளுக்குள் இருவரும் கையெழுத்து வைத்து அனுப்புவார்கள். உங்களுக்கு அந்தக் காலம் ஆடியில் தொடங்கும். கணவர் கையெழுத்து வைக்கமாட்டார் என்றால், இருவரும் கையெழுத்து வைக்கவேண்டும் என்பதிலிருந்து விலக்குக் கேட்டு நீங்கள் தனியாகவே அதே படிவத்தை அனுப்பலாம். உண்மையான கலியாணம், ஆனால் விவாகரத்தில் முடிந்தது என்பது ஒரு வழி. உண்மையான கலியாணம், ஆனால் கணவர் கொடுமைப்படுத்தினார் என்பது இன்னொன்று. திருப்பி அனுப்பினால் தாங்கமுடியாத கஷ்டம் வரும் என்று மூன்றாவதும் இருக்கிறது. அதை நிறுவுவது லேசில்லை, அதைப் பிரதானமாக நம்பவேண்டாம். தனியாகக் கேட்பவர் 90 நாள் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.

விவாகரத்து வழியில் ஒரு சிக்கல் உண்டு. பிரிந்து இருக்கிறோம் என்பது போதாது, முடிந்த தீர்ப்பு வேண்டும். ஐப்பசிக்குள் தீர்ப்பு வராவிட்டால் வழக்குப் போட்டதற்கான அத்தாட்சியோடு படிவத்தை எப்படியும் அனுப்பிவிட வேண்டும். பிறகு அவர்கள் தீர்ப்பைக் கேட்டு ஒரு கடிதம் போடுவார்கள். அதற்குப் பதில் கொடுக்க 87 நாள் வரை கிடைக்கும். படிவக் கட்டணம் 2024 ஏப்ரலிலிருந்து 750 டொலர். அனுப்பினால் வரும் பற்றுச்சீட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2023 தையிலிருந்து அது காட்டின் காலத்தை 48 மாதம் நீட்டுகிறது. பழைய காட்டோடு அதைக் காட்டி வேலை செய்யலாம், பயணம் போகலாம்.

இப்போது, நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் தாண்டிப்போன இடம். “இரண்டு தரம் கை நீட்டினவர்.” வயல் விற்ற கதைக்கு ஒரு முழு வசனம் கொடுத்துவிட்டு இதைக் குடி, சந்தேகத்தோடு சேர்த்து வாலில் எழுதியிருக்கிறீர்கள். நம் பெண்கள் எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், ஏதோ மழை பெய்தது என்கிற மாதிரி. தங்கச்சி, கொடுமை என்கிற அந்த இரண்டாவது வழிக்கு விவாகரத்துத் தீர்ப்பு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடி மட்டுமல்ல, தொடர்ந்த மிரட்டலும் மனக்கொடுமையும் அதற்குள் வரலாம். பொலிஸில் முறைப்பாடு போடவில்லை என்றால் கதவு மூடிவிட்டது என்றும் இல்லை. அடித்த நாள், இடம், என்ன நடந்தது என்பதை ஞாபகம் இருக்கும்போதே ஒரு கொப்பியில் எழுதுங்கள். சிநேகிதி என்ன கண்டார், நீங்கள் எந்த நிலையில் அவர் வீட்டுக்குப் போனீர்கள் என்பதை அவர் சத்தியக்கடதாசியாக எழுதித் தரலாம். காட் போச்சு என்று வந்த அந்த வட்ஸ்அப் செய்திகளை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். உங்களை வெருட்ட அவர் அனுப்பியது உங்கள் பக்கத்துச் சாட்சி. அங்கே இருக்கும்போது பயமாக இருந்தால் குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி இலக்கம் 1-800-799-7233. இங்கே வீட்டு வாசலில் வந்து யாராவது தொல்லை தந்தால் பெண்கள் உதவி இலக்கம் 1938. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளையும் கேட்கலாம்.

பெரியப்பா கொண்டுவந்த கடதாசிக்கு வருகிறேன். கையெழுத்து வைக்காதீர்கள். படித்துப் பார்க்கிறேன் என்று ஒரு பிரதியை வாங்கி வையுங்கள், அவ்வளவுதான். நம் நாட்டுப் பொதுச் சட்டத்தில் இருவரும் ஒத்துக்கொண்டு பிரிகிற விவாகரத்து கிடையாது. பிறர் தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, கலியாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை போன்ற குறை, இந்த மூன்றில் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் நிறுவவேண்டும். அதற்கும் முதலில் ஒரு தீர்ப்பு, குறைந்தது மூன்று மாதம் கழித்து முற்றான தீர்ப்பு. பெரியப்பா சொல்லும் மூன்று மாதம் இந்தக் கடைசித் துண்டுதான் என்று நினைக்கிறேன். ஜே.பி. ஒருவருக்கு முன்னால் கையெழுத்து வைத்த கடதாசி விவாகரத்து அல்ல. அதை அமெரிக்காவுக்கு அனுப்பினாலும் ஒருவரும் ஏற்கமாட்டார்கள்.

அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. இங்கே “ஒத்துப்போய்” முடிக்கிற வழக்குகளில் வழமையாக ஒருவர் குற்றத்தைத் தலையில் போட்டுக்கொள்வார். அந்தக் கடதாசியில் “நான் கணவரைக் கைவிட்டு வந்தேன்” என்று இருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். யார் பக்கம் பிழை என்பது ஐ-751 விலக்குக்குச் சட்டப்படி தடை இல்லை. ஆனால் அடி தாங்காமல் போனேன் என்று அங்கே ஒரு கதையும், நானே விட்டுவிட்டு வந்தேன் என்று இங்கே ஒரு கதையும் ஒரே கோவைக்குள் கிடந்தால் அதிகாரி எதை நம்புவார்? ஒரு வருடத்துக்கு மேல் நியூ ஜேர்சியில் வதிந்த உங்களுக்கு அந்த மாநிலத்திலேயே வழக்குப் போட வழி இருக்கிறது. அங்கே ஆறு மாதமாக ஒத்துவரவில்லை, இனிச் சேர வழியில்லை என்று சொன்னாலே போதும், ஒருவர் மேலும் பழி போடத் தேவையில்லை. இங்கேதான் வழக்கு என்று அவர்கள் போட்டுவிட்டால், அழைப்பாணையை வாங்காமல் ஒளிக்காதீர்கள். சட்டத்தரணி வைக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வயல் விற்ற சீதனக் காசுக் கதையையும் அவர்களிடமே கதையுங்கள். அதைக் காட்டோடு போட்டுக் குழப்பவேண்டாம்.

மாமியில் எனக்குக் கோபமில்லை. அவ சொல்வது கனடாவுக்குச் சரி. அங்கேயும் 2012 ஐப்பசியிலிருந்து இரண்டு வருட நிபந்தனை ஒன்று இருந்தது. 2017 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே நிரந்தர வதிவிடம் கிடைத்த பிறகு பிரிந்தால், கள்ளக் கலியாணம் இல்லாதவரை, உரிமை போகாது. லண்டனில் கணவன் மனைவி விசாவோடு மட்டும் இருக்கிறவருக்கு நிலைமை வேறு, பிரிந்தால் அந்த விசாவையே இடையில் நிறுத்தலாம். நம் சனம் ஒரு நாட்டில் படித்த பாடத்தை இன்னொரு நாட்டுப் பரீட்சையில் எழுதும். செத்தவீட்டிலும் சாமத்தியவீட்டிலும் கிடைக்கிற குடிவரவு ஆலோசனைக்கு இந்த நோய் எப்போதும் உண்டு.

சரி, கிணறும் தென்னையும் எங்கே? இருவர் பேரிலும் வீட்டு வாடகை ஒப்பந்தம், சேர்ந்த வங்கிக் கணக்கு, சேர்ந்து போட்ட வருமான வரி, காப்புறுதி, ஒரே முகவரிக்கு வந்த கடிதங்கள், பயண ரிக்கற், படங்கள். “எல்லாம் அவர் வீட்டில் கிடக்கிறது” என்பீர்கள். சேர்ந்து வரி போட்டிருந்தால் அதன் பிரதியை வரித் திணைக்களத்திடம் நீங்களே கேட்டு எடுக்கலாம். உங்கள் பேரும் இருக்கிற வங்கிக் கணக்கின் விபரமும் அப்படித்தான். இங்கே இருக்கும்போதே செய்யக்கூடியது: கரைச்சி பிரதேச செயலகத்தில் விவாகப் பதிவின் உறுதிப்படுத்திய பிரதி இரண்டு, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, கலியாண அழைப்பிதழ், மண்டபப் பற்றுச்சீட்டு, போகமுன் ஒரு வருடமாக இருவரும் கதைத்த செய்திகள். இல்லாத ஒன்றை உண்டாக்க மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒரு பொய்க் கடதாசி நூறு உண்மைக் கடதாசியையும் சந்தேகப்பட வைக்கும்.

முகவரி மாறினால் பத்து நாளுக்குள் அமெரிக்கக் குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். சிநேகிதி வீட்டுக்குப் போனபோது செய்தீர்களா? செய்யவில்லை என்றால் இன்றிரவே இணையத்தில் செய்யுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கடிதம் எல்லாம் கணவர் கையில்தான் போய் விழும்.

“நொத்தாரிசு ஒருவர் குறைந்த காசுக்குச் செய்து தருவார்” என்று அங்கே யாராவது சொல்லலாம். நம் ஊரில் நொத்தாரிசு என்றால் உறுதி எழுதுகிற, சட்டம் தெரிந்த மனிதர். அமெரிக்காவில் நோட்டரி என்பவர் கையெழுத்தை உறுதிப்படுத்துகிறவர், சட்டத்தரணி அல்ல. குடிவரவுச் சட்டத்தரணியிடமோ, அரசாங்க அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதியிடமோ மட்டும் போங்கள்.

உங்கள் கணவருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்களை எடுக்கும்போது அவர் ஐ-864 என்று ஒரு ஆதரவுப் பத்திரத்தில் கையெழுத்து வைத்திருப்பார். உங்கள் வருமானம் அந்த நாட்டு வறுமைக்கோட்டின் 125 வீதத்துக்குக் கீழே போகாமல் பார்ப்பேன் என்பது அதன் சாரம். விவாகரத்தால் அது முடியாது. நீங்கள் பிரசையாகும்வரை, அல்லது ஏறக்குறையப் பத்து வருட வேலை உங்கள் கணக்கில் சேரும்வரை, அல்லது நீங்கள் வதிவிடத்தை விட்டு நிரந்தரமாக வெளியேறும்வரை அவரைக் கட்டும். பிரசாவுரிமை விசயத்தில் உங்களுக்கு நட்டம் கொஞ்சம் வரலாம். பிரசையோடு சேர்ந்து வாழ்கிறவருக்கு மூன்று வருடம், விவாகரத்து வழியில் நிபந்தனையை எடுத்தால் உங்களுக்கு இனி ஐந்து, கொடுமை வழியில் எடுத்தால் உங்களுக்கும் மூன்றுதான். அது 2024 ஐப்பசியிலிருந்தே எண்ணப்படும்.

வீட்டில் இரு என்று சொல்கிறவர்கள் அன்பில் சொல்கிறார்கள். இருப்பதா போவதா என்பது உங்கள் முடிவு. போவதென்றால் ஆனி தாண்டவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் விமான நிலையத்தில் கேள்வி கூடும், ஒரு வருடமானால் காட்டை மட்டும் காட்டி உள்ளே போகமுடியாது. அங்கே ஐ-407 என்று ஒரு படிவத்தை நீட்டி, கையெழுத்து வைத்தால் லேசாக முடியும் என்று யாரும் சொன்னால், அது வதிவிடத்தை நீங்களாகவே கைவிடுகிற கடதாசி. மறுத்து, குடிவரவு நீதிபதியிடம் சொல்கிறேன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எதற்காக இவ்வளவு நாள் நின்றாய் என்று கேட்பார்கள். அம்மாவின் கிளினிக் கொப்பி, ஒப்பரேசன் துண்டு, மருந்துச் சிட்டை எல்லாவற்றையும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, ஒரு பிரதியைக் கைப்பைக்குள் வையுங்கள். பெட்டிக்குள் போடவேண்டாம்.