அந்த நாலாயிரம் வரி ஃபைல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். நாமக்கல் பக்கத்து லாரி முதலாளிகளுக்கு ட்ரிப் கணக்கு பார்க்கும் மென்பொருள் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறேன். லோடு வாடகை, டீசல், டோல், டிரைவர் பேட்டா, அட்வான்ஸ் எல்லாம் போட்டால் ட்ரிப்புக்கு என்ன மிச்சம் என்று சொல்லும். இதை முதலில் எழுதிய பார்ட்னர் போன வருடம் விலகிவிட்டார். அப்போதிருந்து நான்தான் சிடிஓ, அதாவது தொழில்நுட்பத் தலைமை. என்னையும் சேர்த்து ஒன்பது டெவலப்பர்கள்.

செட்டில்மென்ட் கணக்கு முழுவதும் ஒரே பைத்தான் ஃபைலில் நாலாயிரம் வரிக்குக் கிடக்கிறது. ஒரு இடத்தைத் தொட்டால் மூன்று இடத்தில் உடைகிறது. மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு மைக்ரோசர்வீஸாக (தனித்தனியாக ஓடும் சின்னச் சின்ன நிரல்களாக) மறுபடி எழுதலாம், ஆறு மாதம் போதும் என்கிறார்கள் பையன்கள். எனக்கும் ஆசைதான். நிறுவனரோ (அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்) "கஸ்டமர்கிட்ட தேதி சொல்லிட்டேன், முடிச்சுக் குடு" என்கிறார். பகலில் மீட்டிங், எல்லார் கோடையும் ரிவ்யூ செய்வது. ராத்திரிதான் நான் கோடு எழுத முடிகிறது. ரெண்டு மணிக்கு சர்வர் படுத்தால் போன் எனக்குத்தான் வரும்.

மறுபடி எழுதலாமா? நான் கோடு எழுதுவதை நிறுத்திவிட வேண்டுமா? அப்புறம் ஒரு சின்னக் கேள்வி: ஒன்பது பேர் உள்ள இடத்தில் சிடிஓ என்று போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. போட்டுக்கொள்ளலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மறுபடி எழுத வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன், ஆனால் அந்த ஃபைலைவிட என்னை உறுத்தியது உங்கள் ரெண்டு மணி போன்தான். அதனால் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

டெவலப்பர்கள் கோடு சேமித்து வைக்கும் தளம் நடத்துகிற கிட்லேப் கம்பெனி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2017 ஜனவரி 31 அன்று ராத்திரி அவர்களுடைய டேட்டாபேஸில் ரெப்ளிகேஷன் (முதல் சர்வரில் இருப்பதை இரண்டாவது சர்வரில் உடனுக்குடன் நகலெடுப்பது) நின்றுபோனது. நெதர்லாந்தில் இருந்த இன்ஜினியர் ஒருவர் வேலை முடித்துக் கிளம்ப வேண்டிய நேரத்தைத் தாண்டி அதைச் சரிசெய்து கொண்டிருந்தார். இரண்டாவது சர்வரில் இருக்கும் பழைய டைரக்டரியை அழித்துவிட்டு முதல் சர்வரிலிருந்து காப்பி எடுக்கலாம் என்று நினைத்து அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். கொடுத்தது முதல் சர்வரில், அதாவது வாடிக்கையாளர்கள் உபயோகித்துக்கொண்டிருந்த உயிருள்ள டேட்டாபேஸில். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது.

இது எங்கும் நடக்கக்கூடியது. பயங்கரம் அதற்கப்புறம்தான். பேக்கப்பை எடுப்போம் என்று போனால் தினமும் எடுப்பதாக நம்பிக்கொண்டிருந்த பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலி. டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் வெர்ஷன் 9.6, பேக்கப் எடுக்கும் நிரல் 9.2, வெர்ஷன் ஒத்துப்போகாமல் தினமும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்கிறது என்று சொல்லும் மின்னஞ்சல்களும் போயிருக்கின்றன, ஆனால் அனுப்புநரைச் சரிபார்க்கும் அமைப்பு செய்யாததால் அவை எல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்கின்றன. கடைசியில் காப்பாற்றியது வேறொரு காரியத்துக்காக அதே இன்ஜினியர் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட். நல்ல வேளை, வாடிக்கையாளர்களின் கோடு வேறு இடத்தில் இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை; டேட்டாபேஸில் இருந்த சுமார் 5,000 ப்ராஜெக்ட் பதிவுகள், அதே அளவு கமென்ட்கள், 700 புதுப் பயனர் கணக்குகள் போயே போய்விட்டன. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், அந்த தைரியம் எனக்குப் பிடித்திருந்தது. இன்ஜினியரை வேலையை விட்டுத் தூக்கவும் இல்லை.

பிறகு அவர்களே வெளியிட்ட அறிக்கையில் ஏன், ஏன் என்று தோண்டிக்கொண்டே போகிறார்கள். பேக்கப்பை ஏன் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை? ஏனென்றால் அது யாருடைய பொறுப்பாகவும் இல்லை. எனக்கு அந்த அறிக்கையில் முக்கியமான வரி இதுதான். வெர்ஷன் தகராறு, மின்னஞ்சல் திரும்பிய கதை எல்லாம் டெவலப்பர் கவலை. பேக்கப்புக்கு ஆள் இல்லாமல் போனது சிடிஓ கவலை.

உங்களிடம் என்ன ஆகியிருக்கிறது என்றால், ஆள் இல்லாத வேலை எல்லாம் தானாக உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கிறது. சர்வர், பேக்கப், ரிவ்யூ, செட்டில்மென்ட் ஃபைல், அண்ணன் சொன்ன தேதி, எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் ஆள். நாலைந்து வேலைக்கு ஒரே ஆள் என்றால் அதற்கு ஆள் இல்லை என்றுதான் அர்த்தம். இந்த நிலையில் எதை எந்த மொழியில் எத்தனை சர்வீஸாக எழுதினாலும் ரெண்டு மணிக்குப் போன் உங்களுக்குத்தான் வரும், இப்போது ஒரு சர்வர் படுக்கிறது, அப்போது பன்னிரண்டு படுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

செக்மென்ட் என்ற அமெரிக்க கம்பெனி இதை அனுபவித்துவிட்டு 2018-ல் வெளிப்படையாக எழுதியது. வாடிக்கையாளரின் தகவலை வாங்கிப் பல இடங்களுக்கு அனுப்புவது அவர்கள் தொழில். ஒரு இடம் மக்கர் செய்தால் மற்றதெல்லாம் வரிசையில் மாட்டிக்கொண்டது. அதனால் ஒவ்வொரு இடத்துக்கும் தனி வரிசை, தனி சர்வீஸ் என்று பிரித்தார்கள். காரணம் நியாயமானதுதான், உங்கள் பையன்கள் சொல்வதைவிட வலுவான காரணம். ஆனால் சர்வீஸ்கள் 140-ஐத் தாண்டின, எல்லா சர்வீஸும் பகிர்ந்துகொள்ளும் பொதுக் கோடில் ஒன்றை மாற்றினால் அத்தனையையும் சோதிக்க வேண்டும், யாருக்கும் நேரம் இல்லை, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வெர்ஷன். மூன்று முழுநேர இன்ஜினியர்களுக்கு, அதைச் சாகாமல் பார்த்துக்கொள்வதே வேலை என்று ஆகிவிட்டது. திரும்ப ஒன்றாகச் சேர்த்தார்கள். அவர்களால் மூன்று பேரை அதற்கென்று உட்கார வைக்க முடிந்தது. உங்கள் ஒன்பது பேரில் மூன்று பேரை எடுத்துவிட்டால் மீதிப் பேர் அண்ணனுக்குத் தேதி சொல்லவே சரியாக இருக்கும்.

பையன்கள் கேட்பதில் ஒரு உண்மையும் இருக்கிறது. (பையன்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், ஒன்பது பேரில் பெண்களே இல்லையா, அல்லது இருந்தும் அப்படி வந்துவிட்டதா?) அடுத்த வேலைக்கு இன்டர்வியூ போனால் குபர்நேட்டிஸ் (நிறைய சர்வீஸ்களை ஓட்டி மேய்க்கும் மென்பொருள்) தெரியுமா என்றுதான் கேட்பார்கள், நாமக்கல் டிரைவர் பேட்டா தெரியுமா என்று எவரும் கேட்கப்போவதில்லை. ரெஸ்யூமேயில் போட ஒன்று வேண்டும் என்ற ஆசையில் தப்பு இல்லை. அதை அவர்களிடம் வெளிப்படையாகவே பேசுங்கள். பேசாமல் விட்டால் அதே ஆசை தொழில்நுட்ப வாதம் போல வேஷம் போட்டுக்கொண்டு மீட்டிங்கில் வந்து உட்காரும்.

சரி, ஃபைலுக்கு வருகிறேன். மறுபடி எழுதுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை. நெட்ஸ்கேப் 1998-ல் தன் பிரவுசரைப் புதிதாக எழுத முடிவெடுத்து, 5 என்று ஒரு வெர்ஷனே வராமல், 2000 நவம்பரில் 6-ஐ வெளியிட்டது. அதற்குள் மைக்ரோசாஃப்டின் பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் சந்தையைப் பிடித்துவிட்டது. அது பெரிய இடத்துக் கதை. உங்கள் ஃபைலில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

டோலை எடுத்துக்கொள்வோம். அதில் ரெண்டு வழி இருக்கும்: ஃபாஸ்டேகில் போனது, டிரைவர் ரொக்கமாகக் கட்டியது. 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம், ரொக்கம் எதற்கு, பழைய குப்பை என்று புதிதாக எழுதுகிறவர் அந்தக் கிளையை வெட்டிவிடுவார். டேகில் பேலன்ஸ் இல்லாமல் டோல்கேட்டில் டிரைவர் கைக்காசிலிருந்து கூடுதலாகக் கட்டிவிட்டு வந்த ட்ரிப் ஒன்று வரும். அந்தக் கூடுதல் தொகை யார் கணக்கில் போக வேண்டும்? டேகில் பணம் போடாத முதலாளி கணக்கிலா, டிரைவர் அட்வான்ஸிலா? பழைய பார்ட்னர் ஏதோ ஒரு முதலாளியுடன் போனில் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்து, அதை மூன்று வரியில் எழுதி, கமென்ட் கூடப் போடாமல் போயிருப்பார். அந்த மூன்று வரி போய்விட்டால் டிரைவர் ஒருவருக்குச் சம்பளம் குறையும், அவர் ஆஃபீஸில் வந்து நிற்பார், முதலாளி அன்றே உங்கள் மென்பொருளை மூடிவைத்துவிட்டு நோட்டுக்குத் திரும்புவார். இந்த மாதிரி இடங்கள் அந்த ஃபைலில் நிறையவே இருக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கலாம், ஆனால் உங்கள் கம்பெனி விற்பது அதைத்தான்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். போன ஒரு வருட ட்ரிப்களை அப்படியே எடுத்து, உள்ளே போன தகவலையும் வெளியே வந்த தொகையையும் உறைய வையுங்கள். யார் எதை மாற்றினாலும் அத்தனை ட்ரிப்பையும் ஓட்டிப் பார்க்க வேண்டும், ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் கோடு உள்ளே போகக்கூடாது. இது இல்லாமல் அந்த ஃபைலைத் தொடவே வேண்டாம். பிறகு ஒரே ஒரு துண்டை, பேட்டாவை மட்டும் என்று வைத்துக்கொள்வோம், தனியாக எழுதி, பழையதன் பக்கத்திலேயே ஓட விடுங்கள். கஸ்டமருக்குக் காட்டுவது பழைய கணக்கு. புதியது வேறு தொகை சொன்னால் அது ஒரு பட்டியலில் விழ வேண்டும். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒரு டெவலப்பர் நேராக ஒரு லாரி ஆஃபீஸுக்குப் போய் அங்கே கணக்குப் பார்ப்பவர் பக்கத்தில் ஒரு நாள் உட்காரட்டும். சில இடத்தில் பழையதுதான் தப்பு என்று தெரியவரும், அவர்கள் அதை மாதாமாதம் பேனாவால் திருத்திக்கொண்டு பேசாமல் இருந்திருப்பார்கள். வித்தியாசம் வராமல் ஒரு மாதம் போனால் புதியதற்கு மாறுங்கள். அடுத்த துண்டு. மெதுவாகத்தான் போகும், ஆனால் எந்த நாளில் நிறுத்தினாலும் கம்பெனி ஓடிக்கொண்டிருக்கும். ஆறு மாதத் திட்டத்தை மூன்றாவது மாதம் நிறுத்தினால் கையில் என்ன இருக்கும் என்று அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள்.

அண்ணன் தேதி சொல்லிவிட்டு வருவது நிற்காது, அது அவர் தொழில். தேதியோடு சண்டை போடாதீர்கள். அதற்குள் எது வேண்டாம் என்பதை அவர் வாயால் சொல்ல வையுங்கள். மூன்று விஷயம் கேட்டால், எதற்குக் கஸ்டமர் காசு கொடுக்கிறார் என்று திருப்பிக் கேளுங்கள், பெரும்பாலும் ஒன்றுதான் தேறும்.

கோடு எழுதுவதை நிறுத்த வேண்டாம். ஆனால் நீங்கள் முடிக்காவிட்டால் ரிலீஸ் நிற்கும் என்கிற எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே சொன்ன ஒப்பிட்டுப் பார்க்கும் ஸ்கிரிப்ட் இருக்கிறதே, அதை நீங்கள் எழுதலாம், ஒரு வாரம் தள்ளிப்போனாலும் குடி முழுகாது. ரிவ்யூவில் பணக் கணக்கைத் தொடும் கோடை மட்டும் பாருங்கள், மற்றதை அவர்களுக்குள் பார்த்துக்கொள்ளட்டும். ரெண்டு மணி போனுக்கு முறை போடுங்கள், ஒருவருக்கு ஒரு வாரம், ராத்திரி எழுந்தவருக்கு மறுநாள் காலை லீவு. முதலில் எல்லாரும் உங்களையே கூப்பிடுவார்கள். போனில் வழி சொல்லுங்கள், லேப்டாப்பைத் திறக்காதீர்கள். இதில்தான் உங்களுக்குக் கை நமநமக்கும், தெரியும்.

பேக்கப்புக்கு இன்றே ஒருவர் பெயரைப் போடுங்கள், உங்கள் பெயரைத் தவிர. அவர் மாதம் ஒரு முறை அதை வெற்று சர்வரில் ஏற்றி, போன மாத செட்டில்மென்ட் ஒன்றைத் திறந்து உங்களுக்குக் காட்ட வேண்டும்.

கடைசிக் கேள்விக்கு: போட்டுக்கொள்ளுங்கள், அதில் என்ன கூச்சம். வங்கியிலும் கஸ்டமரிடமும் கார்டைப் பார்த்துத்தான் நாற்காலி போடுவார்கள். எனக்கு வேறொரு சந்தேகம். பார்ட்னர் போனதும் பதவி உங்களுக்கு வந்தது என்கிறீர்கள், பங்கு வந்ததா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அண்ணன் என்று கூப்பிடுகிற இடத்தில் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஈசாப் (ஊழியர் கம்பெனிப் பங்கைக் குறித்த விலையில் வாங்கும் வாய்ப்பு) கொடுத்தால் அதை எடுத்துக்கொள்ளும் உரிமை வரவே குறைந்தது ஒரு வருடம் ஆக வேண்டும் என்று கம்பெனிச் சட்ட விதியே இருக்கிறது, அந்த ஒரு வருடம் எழுத்தில் கொடுத்த நாளிலிருந்துதான் ஓடும். அதனால் இந்த மாதமே கேட்டுவிடுங்கள், வாய் வார்த்தையாக வேண்டாம்.