பட்டுப் படலம் பால்பூத்துப் போகுதா? முதல்ல தண்ணியைப் பாருங்க

தம்பி, மண்டபம் ஊர்ல நீங்க செய்ற பட்டு ஃபைப்ராயின் (பட்டு இழையோட மூலப் புரதம்) படலம் கண்ணாடியா வராம வெளுத்துப்போகுதுன்னு எழுதியிருந்தீங்க. பசை நீங்க சோடியம் கார்பனேட் போட்டுப் பட்டுக்கூட்டைப் போர் தண்ணியிலயா வேகவைக்கிறீங்க? அங்கதான் கோளாறுன்னு எனக்குப் படுது. நம்ம கடலோரத்துல பல ஊர்ல தண்ணி கடினம். அதுல இருக்கிற கால்சியம், நீங்க போடுற சோடியம் கார்பனேட்டோட சேர்ந்து வெள்ளைப் பொடியா இழையில படியும். அந்தத் துகள்ல மோதி ஒளி சிதறும். நல்லா அலசிக் காய்ஞ்ச இழையில வினிகர் ஒரு சொட்டு விடுங்க, நுரைச்சா அதேதான்.

சுத்தமான படலம் கண்ணுக்குத் தெரியிற ஒளியில 90 சதவீதத்துக்கு மேல விடும். டயாலிசிஸும் (கரைசலைச் சவ்வுப் பையில போட்டு உப்பை வெளியேத்துறது) காய்ச்சி வடிச்ச தண்ணியிலேயே 48 மணி நேரம், அடிக்கடி மாத்திச் செய்யுங்க. இழையைக் கரைக்கப் போட்ட லித்தியம் புரோமைடு உப்பு மிஞ்சினா உப்பங்காத்துல பிசுபிசுக்கும். படலம் தண்ணியில கரையாம இருக்க, மெத்தனாலுக்குப் பதிலா நீராவியில பக்குவப்படுத்திப் பாருங்க, தெளிவு நிக்கும்.