மார்க் ஷீட்டும் லேமினேஷனும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். துறைமுகத்தில் ஐஸ் லோடு ஏற்றுகிற வேலை. என் மகள் அரசுப் பள்ளியில் படித்து பிளஸ் டூவில் 600க்கு 541 வாங்கியிருக்கிறாள். எங்கள் வீட்டில் பன்னிரண்டாவது தாண்டிய முதல் ஆள் அவள்தான். தெருமுனையில் அவள் போட்டோவோடு ஒரு ஃப்ளெக்ஸ் வைக்க ஆசை. அவளோ "வேணாம்பா, மானம் போவுது" என்கிறாள். பெத்தவன் பெருமைப்படுவது தப்பா? தற்காலிக மதிப்பெண் சான்றிதழை அன்றைக்கே லேமினேட் செய்துவிட்டேன். புயல், வெள்ளத்துக்குப் பயந்து பத்தாவது மார்க் ஷீட்டையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஒரிஜினல் வந்ததும் அதையும் லேமினேட் போட்டு, ஃப்ரேம் மாட்டி நடுவீட்டில் வைக்கப் போகிறேன். அடுத்து அவள் என்ன படிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

மகளுக்கு வாழ்த்து. பெருமைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. ஃப்ளெக்ஸ் வேண்டாம் என்று அதில் இருக்கப்போகிறவளே சொல்லிவிட்டாள், அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. என்ன படிக்கலாம் என்பதை அவளிடமும் அவளுடைய டீச்சர்களிடமும் கேளுங்கள். ஊர் பேர் தெரியாத என்னிடம் கேட்கிற கேள்வியா அது?

ஆனால் அந்த லேமினேஷன்! ரிசல்ட் வந்த வாரம் முழுக்க நான் நினைத்து நொந்துகொண்டிருப்பதே இதைத்தான். பிள்ளையின் பன்னிரண்டு வருஷ உழைப்பை ஒரு ஜெராக்ஸ் கடையில், அரை நிமிஷத்தில் பாழாக்கிக்கொண்டு வருகிறீர்கள், அதையும் சந்தோஷமாக.

கடைக்காரர் மெஷினில் நடப்பதைச் சொல்கிறேன். லேமினேஷன் கவரின் உள்பக்கம் முழுக்கப் பசை. நூறு டிகிரிக்கு மேல் சூடான உருளைகள் அந்தப் பசையை உருக்கி, அழுத்தி, தாளோடு ஒட்டவைக்கின்றன. லேசர் பிரிண்டரில் அச்சான எழுத்து தாளுக்குள் ஊறுவதில்லை, மைப்பொடி உருகி மேலே படலமாக ஒட்டி நிற்கிறது. பசை அந்தப் படலத்தைப் பிடித்துக்கொண்டுவிடும். பின்னால் கவரை உரித்தால் எழுத்தும் போட்டோவும் பிளாஸ்டிக்கோடு வந்துவிடும், கையில் வெறும் தாள்தான் மிஞ்சும். உரிக்காமல் விட்டாலும் நிம்மதி இல்லை. கடலோர ஊரில் ஒரு மூலை லேசாகப் பிரிந்தால் போதும், ஈரம் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. நாலு மழைக்காலத்தில் உள்ளுக்குள்ளேயே பூசணம் புள்ளி வைக்கும்.

இதைவிடப் பெரிய தொந்தரவு அலுவலகங்களில். சான்றிதழைச் சரிபார்க்கிறவர் தாளைத் தடவிப் பார்ப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பிளாஸ்டிக்குக்குள் இருப்பது அசலா, கலர் ஜெராக்ஸா என்று எப்படிச் சொல்வார்? நாளைக்கு உங்கள் மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தால் மாநில அரசு, வெளியுறவுத் துறை, சில நாடுகளுக்குத் தூதரகம் என்று வரிசையாக, சான்றிதழ் அசல்தான் என்கிற அட்டஸ்டேஷன் வாங்க வேண்டும். முத்திரையும் ஸ்டிக்கரும் பெரும்பாலும் சான்றிதழின் பின்பக்கத்தில்தான் விழும். பிளாஸ்டிக் மேல் குத்தித் தர மாட்டார்கள். வளைகுடாவுக்கு ஆள் அனுப்புகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைக்கூட யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையே என்றுதான் எனக்குக் கோபம்.

வெள்ளத்துக்குப் பயந்தேன் என்கிறீர்கள். 2011 ‘தானே’ புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் எல்லாம் பார்த்த ஊர், பயம் நியாயமானதுதான். ஆனால் வெள்ளத்தில் போன சான்றிதழுக்கு நகல் வாங்க வழி உண்டு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அரசே அதற்கு முகாம்கள் நடத்தியது. நாமே சூடு வைத்துக் கெடுத்துக்கொண்டதற்கு யார் முகாம் போடுவார்கள்?

பத்தாவது மார்க் ஷீட்டை உரிக்காதீர்கள். இஸ்திரிப்பெட்டி, ஹேர் டிரையர், பிளேடு ஒன்றும் அதன் பக்கத்தில் வரக்கூடாது. அவள் பிறந்த தேதிக்குக் காலம் முழுக்க அத்தாட்சி அதுதான். பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து, நகல் வாங்க விண்ணப்பிப்பது எப்படி என்று இப்போதே கேளுங்கள். தற்காலிகச் சான்றிதழ் போனால் போகட்டும், ஒரிஜினல் வரும்வரைக்கும்தான் அதற்கு வேலை.

ஒரிஜினலுக்குச் செய்ய வேண்டியது இதுதான். சான்றிதழைவிடச் சற்றே பெரிய பாலிபுரோப்பிலீன் உறை ஒன்று ஸ்டேஷனரி கடையில் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் நெடி தூக்குகிற மெத்தென்ற பிவிசி உறை வேண்டாம், வெயில் காலத்தில் அதுவும் எழுத்தை ஒட்டி இழுக்கும். ஓர் உறைக்கு ஒரு தாள்தான், மடிக்கக் கூடாது, ஸ்டேப்ளர் அடிக்கக் கூடாது. ஃபைலைக் கிடைமட்டமாக பீரோவின் மேல்தட்டில் வையுங்கள், துருவும் தண்ணீரும் முதலில் வருவது அடித்தட்டில்தான். ஃபைலோடு இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். அந்துருண்டை தாளில் படக்கூடாது. ஐப்பசி பிறந்ததும் ஃபைலை அப்படியே ஜிப் வைத்த கவரில் போட்டு, அதை இன்னொரு கவரில் போட்டுவிடுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் 300 டிபிஐ கலரில் ஸ்கேன் எடுத்து அவள் மெயிலுக்கு அனுப்புங்கள், டிஜிலாக்கரிலும் ஏற்றுங்கள்.

இன்னொன்று. மார்க்கை நாற்பது தடவை படிக்கும் அப்பாக்கள் பெயரை ஒரு தடவை படிப்பதில்லை. இனிஷியல், தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர், பிறந்த தேதி மூன்றும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பள்ளியிலேயே நின்று பாருங்கள். பிழை இருந்தால் அன்றைக்கே தலைமையாசிரியரிடம் சொன்னால் வேலை சுலபம், கல்லூரியில் சேர்ந்த பிறகு அலைச்சல்.

டி.சி.யைக் கல்லூரியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதற்கு முன்னால் பத்து நகல் எடுத்துவிடுங்கள். மார்க் ஷீட் ஒரிஜினலை அவர்கள் பிடித்துவைக்கக் கூடாது, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018லேயே சொல்லிவிட்டது. சரிபார்த்ததும் திருப்பி வாங்குங்கள். வீட்டில் பட்டதாரி யாரும் இல்லாததால் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவையில் விண்ணப்பியுங்கள், பொறியியல் கலந்தாய்வில் கல்விக் கட்டணச் சலுகைக்கு அது வேண்டும். ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும், கல்லூரியில் கேளுங்கள்.

ஃப்ரேம் தாராளமாக மாட்டுங்கள். நல்ல கெட்டித்தாளில் ஒரு கலர் நகல் எடுத்து, அதை எத்தனை லேமினேட் வேண்டுமானாலும் போட்டு, வெயில் விழாத சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரிஜினல் வாங்கப் போகும் அன்று உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். பள்ளிக்கூட வாசலிலேயே ஜெராக்ஸ் கடைக்காரர் மெஷினைச் சூடாக்கி வைத்திருப்பார்.