கையெழுத்துப் போடும் முன் வாசிக்கச் சொல்லுங்கள்

(டீச்சர் பதில்கள்)

போன இதழில், பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்டு பள்ளி நடப்பதைக் கவனிக்கிற பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கிற அம்மா அப்பாக்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன் டீச்சர். என் பெண் மூன்றாவது படிக்கிற பள்ளியில் என்னைக் குழு உறுப்பினராகப் போட்டுவிட்டார்கள். கூட்டத்துக்குப் போனால் ஒரு பெரிய நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, டீ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. படித்த யாருக்காவது விட்டுக்கொடுத்து விலகிவிடட்டுமா?
– ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

விலகவே விலகாதீர்கள் அம்மா. நீங்கள் உட்கார்ந்திருக்கிற அந்த நாற்காலி யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததில்லை, சட்டம் கொடுத்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 21-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. இவ்வளவு படித்திருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. களையெடுக்கப் போகிறவரும், நூறு நாள் வேலைக்குப் போகிறவரும் வந்து உட்கார வேண்டும் என்றுதான் அப்படி எழுதினார்கள்.

அந்த நோட்டின் பெயர் தீர்மானப் பதிவேடு. பள்ளியில் இருக்கிற கனமான பொருள் அதுதான் என்று நான் சொல்வேன். நீங்கள் கையெழுத்துப் போட்டால் அதில் எழுதியிருப்பதற்கு நீங்களும் ஒப்புக்கொண்டீர்கள் என்று பொருள். ஒரு வேலை முடிந்தது, பணம் கொடுத்தாகிவிட்டது என்றுகூட அதில் இருக்கலாம். அதனால் அடுத்த கூட்டத்தில் ஒன்றே ஒன்று செய்யுங்கள், “சார், எழுதினதை ஒரு தடவை சத்தமா வாசிச்சுடுங்க, அப்புறம் கையெழுத்துப் போடுறேன்” என்று சொல்லுங்கள். கோபமாகச் சொல்ல வேண்டியதில்லை, சாதாரணமாகச் சொன்னால் போதும். வெற்றுப் பக்கத்தில் மட்டும் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதை நான் எங்கிருந்து சொல்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். நான் தலைமையாசிரியராக இருந்த ஆரம்ப வருடங்களில் கூட்டத்துக்கு ஆள் வராதபோது, தீர்மானத்தை நானே எழுதி, பிள்ளைகளிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். வேலை முடிந்தால் போதும் என்றிருந்தது. ஒரு அம்மா அந்த நோட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு மறுநாள் நேரில் வந்தார். “டீச்சர், இதுல குடிதண்ணி சரியா இருக்குன்னு எழுதியிருக்காம், எம்புள்ள வீட்லருந்துதான பாட்டில் கொண்டுவருது” என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த அம்மாவும் உங்களைப் போல ஐந்தாவதுதான். அதற்குப் பிறகு நான் கூட்டம் நடத்தாமல் கையெழுத்து வாங்கியதில்லை.

உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், அது போதும். உங்கள் பெண் பள்ளியில் தண்ணீரே குடிக்காமல் திரும்பி வருகிறாளா? கழிவறைக்குப் போகப் பயந்து பகல் முழுக்க அடக்கிக்கொண்டிருக்கிற பெண் குழந்தைகளைப் பற்றி அம்மாக்களிடம்தான் பேச்சு வரும், அறிக்கையில் வராது. காலை உணவு எத்தனை மணிக்குத் தட்டில் விழுகிறது, சாம்பாரில் பருப்பு இருக்கிறதா என்பதெல்லாம் பிள்ளை வீட்டில் வந்து சொல்வதுதானே. அப்புறம், கூட்ட நேரம் கூலி வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால் மாலையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வா என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

எங்கள் பள்ளியில் பி.டி.ஏ. என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. இப்போது இந்தக் குழு வேறு. இரண்டும் ஒன்றா?
– திருப்பூரிலிருந்து ஒரு அப்பா

இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் ஒரு சங்கம், பழைய அமைப்பு, நல்லது நிறையச் செய்திருக்கிறது. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்த 1950-களின் பிற்பகுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர் மக்கள் பெஞ்சும் நிலமும் கட்டடமும் கொண்டுவந்து கொடுத்த காலம் அது. கொடுக்கிற அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியைத்தான் பி.டி.ஏ.வில் பார்க்கிறோம்.

மேலாண்மைக் குழுவின் வேலை வேறு. பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரித்துப் பரிந்துரைப்பது, வருகிற பணம் எப்படிச் செலவாகிறது என்று கவனிப்பது, இந்த மூன்றும் சட்டத்திலேயே இருக்கின்றன. தலைவர் பெற்றோரில் ஒருவர். தமிழ்நாட்டில் 2022-இல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது 20 பேர். 2024-இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேராக்கினார்கள். உள்ளாட்சி உறுப்பினரும் அதில் உண்டு. அவர் ஏன் முக்கியம் என்பதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

கழிவறைக்குக் கதவு இல்லை, குழாய் உடைந்து கிடக்கிறது. ஹெச்.எம்.மிடம் கேட்டால் “ஃபண்ட் இல்லை” என்கிறார். குழுவில் இருந்து என்ன பயன்?
– குழு உறுப்பினர் ஒருவர், புதுக்கோட்டை மாவட்டம்

உங்கள் ஆற்றாமை புரிகிறது. ஆனால் “ஃபண்ட் இல்லை” என்பதோடு பேச்சை முடித்துக்கொள்ளாதீர்கள், அங்கிருந்துதான் பேச்சே தொடங்க வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் என்று ஒன்று உண்டு, மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பிள்ளைகள் வரை இருந்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது 10 சதவீதத்தைத் தூய்மைக்குச் செலவிட வேண்டும். இந்த ஆண்டு எவ்வளவு வந்தது, எப்போது வந்தது, எதற்குப் போனது என்று கேட்பது உங்கள் உரிமை. தலைமையாசிரியரைச் சந்தேகப்படுவதாக அவர் நினைக்கும்படி கேட்காதீர்கள். பல பள்ளிகளில் மானியம் தாமதமாக வந்து, ஹெச்.எம். தன் கையிலிருந்து சுண்ணக்கட்டியும் துடைப்பமும் வாங்கிக்கொண்டிருப்பார். அந்தக் கஷ்டமும் பதிவேட்டில் ஏறட்டும்.

25,000 ரூபாயில் ஒரு கழிவறையைக் கட்ட முடியாது என்பது உண்மைதான். ஆனால் கதவு மாட்டலாம், குழாய் மாற்றலாம். பெரிய வேலைக்கு வேறு வாசல். உங்களுடையது ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் கட்டடப் பழுதுபார்ப்பு ஒன்றியத்தின் பொறுப்பு. கிராமப் பள்ளிகளில் கழிவறை கழுவத் தூய்மைப் பணியாளரை அமர்த்துவதும் உள்ளாட்சி வழியாகத்தான் நடக்கிறது. குழுவில் வார்டு உறுப்பினர் இருந்தால் அவர் இங்கேதான் உதவுவார். தீர்மானத்தின் நகல் ஒன்றை வட்டாரக் கல்வி அலுவலருக்கும், ஒன்றை ஊராட்சிக்கும் கொடுத்துத் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். அடுத்த கிராம சபையில் அதையே எடுத்துப் பேசுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, ஒன்று போனால் இன்னொன்று.

தீர்மானத்தை எழுதுவதிலும் விஷயம் இருக்கிறது. “அடிப்படை வசதிகளை மேம்படுத்த வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது” என்று எழுதினால் அதை வாசிக்கிற அலுவலருக்குச் செய்ய எதுவுமே இல்லை, கோப்பில் வைத்து மூடிவிடுவார். “பெண்கள் கழிவறை இரண்டில் ஒன்றுக்குக் கதவு இல்லை. 43 மாணவியர் ஒரே அறையைப் பயன்படுத்துகிறார்கள். பள்ளி மானியத்திலிருந்து இம்மாதம் 20-ஆம் தேதிக்குள் கதவு மாட்டுவது, பொறுப்பு இன்னார்” என்று எழுதிப் பாருங்கள். எண்ணிக்கை, நாள், பொறுப்பு மூன்றும் இருக்க வேண்டும். அடுத்த கூட்டம் தொடங்கும்போது முதலில் பழைய தீர்மானத்தை வாசிக்கச் சொல்லுங்கள். முடிந்ததா, இல்லையா, ஏன்? பத்து நிமிஷம் கூட ஆகாது, ஆனால் பாதிப் பள்ளிகளில் விட்டுப்போவது இந்தப் பத்து நிமிஷம்தான் என்பது என் அனுபவம்.

எங்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இல்லை. குழுவே ஒருவரை வேலைக்கு எடுக்கலாமா?
– தருமபுரி வாசகர்

நீங்களாக எடுக்க முடியாது, அரசு அனுமதித்தால் முடியும். 2022-இல் 13,331 காலிப் பணியிடங்களைக் குழுக்கள் மூலம் தற்காலிகமாக நிரப்ப உத்தரவு வந்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுநிலைக்கு 12,000 ரூபாய் என்று தொகுப்பூதியம், பின்னால் அதை 12,000, 15,000, 18,000 என்று உயர்த்தினார்கள். ஆசிரியர் தகுதித் தேர்வு முடித்தவர்கள் காத்திருக்கும்போது இது என்ன நியாயம் என்று வழக்கு வந்து, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்து, அப்புறம் விதிகளைத் திருத்தித்தான் நடந்தது. தேர்ச்சி பெற்று வருடக்கணக்கில் காத்திருந்தவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். நிரந்தர ஆசிரியர் வேண்டும் என்பதே உங்கள் முதல் தீர்மானமாக இருக்கட்டும். ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும், அறிவியலுக்கும் கணக்குக்கும் சேர்த்து ஓர் ஆசிரியர் கட்டாயம் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

அரசு உதவிபெறும் பள்ளியில் என் மகன் படிக்கிறான். “இங்கே குழு ஆலோசனை மட்டும்தான் சொல்லலாம்” என்கிறது நிர்வாகம். சரியா?
– தூத்துக்குடி வாசகி

சட்டப்படி சரிதான். 2012-இல் வந்த திருத்தம் உதவிபெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் பள்ளிகளிலும் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் பணி மட்டும் என்று ஆக்கியது. ஆனால் ஆலோசனை என்றால் பயனில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பெற்றோர் கூடி எழுத்தில் சொன்ன ஆலோசனையை ஒதுக்குவது எந்த நிர்வாகத்துக்கும் சுலபமில்லை, ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் கேட்கலாம். பிள்ளையை அடிப்பது, மனம் நோகப் பேசுவது போன்றவை வேறு. அவற்றைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது. அதற்கு ஆலோசனைக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம், கல்வி உதவி எண் 14417 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-க்கு உடனே அழையுங்கள்.

வெளிநாட்டில் வேலை செய்கிறேன். நான் படித்த பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரலாமா?
– முன்னாள் மாணவர்

தரலாம் தம்பி, மனசுக்கு நன்றி. ஆனால் வாங்கும் முன் குழுவிடம் “என்ன வேண்டும்” என்று கேளுங்கள். மின் இணைப்பு நிற்காமல் வருகிறதா என்று தெரியாமல் வாங்கிய பொருள்கள் பூட்டிய அறையில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பணமாகக் கொடுப்பதென்றால் தனிப்பட்ட யார் கையிலும் கொடுக்காமல், 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாகக் கொடுங்கள், கணக்கு இருக்கும்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் 18 பிள்ளைகள்தான் மிச்சம். வேன் வந்து எல்லோரையும் டவுனுக்கு அள்ளிக்கொண்டு போகிறது. குழுவால் இதைத் தடுக்க முடியுமா?
– குழுத் தலைவி, சிவகங்கை மாவட்டம்

வேனை நிறுத்த முடியாது, பெற்றோரைக் குறை சொல்லவும் முடியாது, பிள்ளை நன்றாக வர வேண்டும் என்று கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறவர்கள் அவர்கள். ஆனால் அவர்களிடம் போய்ப் பேச உங்களால் முடியும், ஹெச்.எம். போய்ப் பேசுவதைவிட நீங்கள் பேசினால் எடுபடும். உங்கள் பிள்ளையும் அங்கேதானே படிக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் நான்கு பேராகச் சேர்ந்து ஐந்து வயது நிரம்பும் குழந்தை இருக்கிற வீடுகளுக்குப் போங்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இது நிறைய வீடுகளுக்கு இன்னும் தெரியாது.

இதையெல்லாம் சொன்ன பிறகு அவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், “அங்க டீச்சர் ஒழுங்கா வர்றாங்களா?” அதற்கு நீங்கள் உண்மையான பதிலோடு போக வேண்டும். 60 பிள்ளைகள் வரை இருந்தாலும் இரண்டு ஆசிரியர்கள் என்பது சட்டம், 18 பேர்தான் இருக்கிறார்கள் என்று அது குறையாது. உங்கள் பள்ளியில் இரண்டு பேர் இருக்கிறார்களா? ஒருவர் பயிற்சிக்கும் கூட்டத்துக்கும் போய்விட்டால் அன்று ஐந்து வகுப்பையும் யார் பார்க்கிறார்கள்? மார்ச் மாதக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக வையுங்கள், வீடு வீடாகப் போவது அதற்குப் பிறகு.