அண்ணனுக்கு டாக்ஸ் குறைஞ்சுது, எனக்கு என்ன குறைஞ்சுது?

கேள்வி: பேரணாம்பட்டுலருந்து தினம் பஸ் ஏறி ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போறேன் சார். சம்பளம் 14,000, பிடிப்பு போக கைக்கு வர்றது இன்னும் கம்மி. அண்ணன் சென்னைல ஐடி, வருஷத்துக்கு 12 லட்சம். பொங்கலுக்கு வந்தப்ப “வரியெல்லாம் குறைச்சிட்டாங்க, எல்லாருக்கும் லாபம்”னு சொன்னாரு. எங்க வீட்டுக்கு என்ன லாபம்னு எப்படி கணக்கு பாக்கறது?

பதில்: அண்ணன் சொன்னது பொய்யில்லம்மா, ஆனா அது அவர் வீட்டுக் கணக்கு. இன்கம் டாக்ஸ்ல புது முறைன்னு ஒண்ணு இருக்கு, அதுல இருந்திருந்தா 2024-25ல சம்பளக்காரங்களுக்குப் பொதுவா விடற ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 கழிச்சு, வரிமேல போடற செஸ் சேத்து 71,500 ரூபா இன்கம் டாக்ஸ் கட்டியிருப்பாரு, 2025-26ல அதே சம்பளத்துக்கு ஒரு பைசா கிடையாது, அப்ப மாசம் கிட்டத்தட்ட 5,960 ரூபா மிச்சம். நீங்க அந்த வரியே கட்டல, கட்டாததுல எதைக் குறைப்பாங்க?

உங்களுக்கு வர்றது ஜிஎஸ்டி வழியாதான். 2025 செப்டம்பர் 22லருந்து சோப்பு, ஷாம்பு, பேஸ்ட், ஹேர் ஆயில், பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்துலருந்து 5 ஆயிடுச்சு. இதுக்கெல்லாம் மாசம் 1,000 ரூபா ஆகுதுன்னு வெச்சுக்கோங்க. 13 சதவீதம் குறைஞ்சா 130 மிச்சம்னு நிறைய பேர் போடறாங்க, அது தப்பு. அந்த 1,000லயே பழைய வரி உள்ள இருக்கு, அத எடுத்தா சரக்கு 847, அதுமேல 5 சதவீதம் போட்டா 890. மிச்சம் 110தான். அதுவும் கடைக்காரர் விலைய இறக்கினாதான், எங்க தெரு முனைக் கடைல தீபாவளி தாண்டியும் ஷாம்பு பழைய விலைக்கே போச்சு. ரேஷன் அரிசி இலவசம், காய்கறிக்கு எப்பவும் ஜிஎஸ்டி இல்ல, அந்தப் பக்கம் குறையறதுக்கு ஒண்ணுமில்ல.

இந்த 110 உங்க சம்பளத்துல 0.8 சதவீதம். அண்ணன் வீட்ல இதே சாமானுக்கு 3,000 ஆகுதுன்னா அவருக்கு 330 மிச்சம், ஆனா லட்ச ரூபா சம்பளத்துல அது 0.33தான். ஜிஎஸ்டி மட்டும் பாத்தா ரூபாய்ல அவருக்கு ஜாஸ்தி, சதவீதத்துல உங்களுக்கு ஜாஸ்தி. இன்கம் டாக்ஸையும் சேத்துட்டா அவருக்கு 6.3, உங்களுக்கு அதே 0.8. யாராவது ஒரே ஒரு நம்பரைக் காட்டி லாபம்னு சொன்னா, வருமானத்துல எத்தன சதவீதம்னு திருப்பிக் கேளுங்க, நான் அப்படித்தான் பாப்பேன்.

சம்பள சீட்டுல பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்கறது வரி இல்ல, அத இதுல கலக்காதீங்க. ஆனா தொழில் வரின்னு ஏதாவது பிடிச்சிருக்கான்னு பாருங்க, வேலை பாக்கறவங்ககிட்ட உள்ளாட்சி வாங்கற வரி அது. அரை வருஷ சம்பளம் 75,000 தாண்டினா உச்ச ஸ்லாப், அதாவது அதிகபட்ச வரி, உங்களுக்கு 84,000 வருது, அண்ணனுக்கு 6 லட்சம் வருது, ரெண்டு பேரும் ஒரே ஸ்லாப்தான். வருஷத்துக்கு 2,500க்கு மேல போகக்கூடாதுன்னு அரசியல் சட்டத்துலயே இருக்கு, அந்த முழுசையும் பிடிச்சா உங்களுக்கு ஒன்றரை சதவீதம், அவருக்கு 0.2. ஜிஎஸ்டில வருஷம் பூரா நீங்க மிச்சம் பிடிக்கறது 1,320தான். அடுத்த தடவ அண்ணன் வந்தா தொழில் வரி எவ்ளோ கட்டறீங்கன்னு மட்டும் கேட்டுப் பாருங்க.