மாணவி எழுதிய தொண்டு நிறுவனக் கட்டுரைக்கு மனம் நோகாமல் திருத்தம் சொல்வது எப்படி?

நாகர்கோவிலில் கல்லூரி ஆசிரியை என்றும், உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்றைப் பற்றி உங்கள் மாணவி விக்கிப்பீடியாவுக்கு எழுதிய வரைவு முழுக்கப் புகழுரையாக இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

புகழுரையை முதலில் தொடாதீர்கள், டீச்சர். நடையைத் திருத்தி, ஒற்றுப்பிழை நீக்கி, எல்லாம் முடிந்தபின் சான்று போதாது என்று கட்டுரையையே நீக்கினால்தான் அந்தப் பிள்ளை உடைந்துபோகும். முதல் வாசிப்பில் அடிக்குறிப்புகளை மட்டும் பாருங்கள். நிறுவனத்தின் இணையதளம், ஆண்டறிக்கை, விழா மலர், முகநூல் பக்கம் ஆகியவற்றை அடித்துவிட்டு மீதியை எண்ணுங்கள். நிறுவனத்தோடு தொடர்பில்லாதவர்கள் அதைப் பற்றி விரிவாக எழுதியவை இரண்டு மூன்றாவது தேற வேண்டும். குறிப்பிடத்தக்கமை என்று விக்கியில் சொல்வது இதைத்தான்.

நாளிதழின் மாவட்டப் பக்கச் செய்தியில்தான் பெரும்பாலும் ஏமாறுவோம். ‘விழாவுக்கு இன்னார் தலைமை தாங்கினார், இன்னார் முன்னிலை வகித்தார், முடிவில் இன்னார் நன்றி கூறினார்’ என்று போனால் அது நிறுவனமே கொடுத்த செய்திக்குறிப்பு. பத்துப் பத்திரிகையில் வந்தாலும் ஒரே சான்றுதான், அதுவும் நிறுவனத்தின் வாய்மொழி. நிருபர் நேரில் போய், பயன்பெற்றவரிடமும் பேசி எழுதியிருந்தால் அது வேறு.

அடுத்து ஆண்டுகள். ‘1948இல் கன்னியாகுமரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது’ என்று இருந்தால் வட்டமிடுங்கள். மாவட்டம் பிறந்தது 1956 நவம்பர் 1. 1948இல் இது திருவிதாங்கூர். அதேபோல் 1955இல் பதிவான சங்கம் ‘தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975’இன் கீழ் அப்போதே பதிவாகியிருக்க முடியாது. பழைய கல்லிலோ பதிவேட்டிலோ 1120 என்று கண்டால் அது திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு. அதை ஆங்கில ஆண்டாக்க, ஆவணி பிறப்பு முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். மாதம் தெரியாவிட்டால் 1944–45 என்று எழுதினால் போதும்.

   

‘அரசு அங்கீகாரம் பெற்ற’ என்ற சொல்லையும் விடாதீர்கள். 80ஜி என்பது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் நன்கொடையாளருக்கு உள்ள வரிச் சலுகை. சேவை சிறப்பாக நடக்கிறது என்று அரசு தரும் நற்சான்று அல்ல. தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்யும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் இருக்கும் விவரம் நிறுவனமே நிரப்பியது. வெளிநாட்டு நிதி பற்றி நிறுவனம் அரசுக்குத் தரும் ஆண்டுக்கணக்கை ‘இந்த ஆண்டு இவ்வளவு பெற்றதாகக் கணக்குக் காட்டியுள்ளது’ என்று சொல்ல மட்டும் பயன்படுத்தலாம். வங்கிக் கணக்கு எண், நன்கொடைக்கான கியூஆர் கோடு, தொலைபேசி எண் எதுவும் கட்டுரையில் இருக்கக் கூடாது.

இனி நடைக்கு வரலாம். ‘அல்லும் பகலும் உழைத்து, சுனாமியில் அனைத்தும் இழந்த மீனவ மக்களின் கண்ணீரைத் துடைத்தது’ என்ற வரி வந்தால் நீங்களே மாற்றி எழுதிக் கொடுக்காதீர்கள். ஓரத்தில் மூன்று கேள்வி போடுங்கள்: எந்த ஊர், குளச்சலா, கொட்டில்பாடா, மணக்குடியா? என்ன கொடுத்தார்கள், வீடா, வள்ளமா, வலையா? அதை யார் பதிந்திருக்கிறார்கள்? பதில் கிடைத்தால் ஊர், ஆண்டு, எண்ணிக்கை, சான்று என்று அந்தப் பிள்ளையே எழுதிவிடும். கிடைக்காவிட்டால் வரி தானாகப் போய்விடும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து காத்திருக்க வேண்டாம். இணையதளத்திலிருந்து வரிக்கு வரி எடுத்திருந்தால் அது விக்கியில் எழுதிப் பழகும் பக்கமான மணல்தொட்டியில்கூட இருக்கக் கூடாது, உடனே நீக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, குழந்தைகள் காப்பகம் நடத்தும் நிறுவனம் என்றால் அவர்களின் படமும் பெயரும். பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு தடுக்கிறது. பக்கத்தில் அழித்தாலும் அதன் திருத்த வரலாற்றில் பழைய பதிப்பு நிற்கும், அதை மறைக்க விக்கி நிர்வாகியிடம் கேட்க வேண்டும். விக்கியின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றிய படத்தை அங்கே தனியாக நீக்கக் கோர வேண்டும்.

மாணவி நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு அங்கே போனவரா, உறவினர் யாரும் அறங்காவலரா என்றும் கேளுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். தொடர்பு இருந்தால் விக்கியில் தன் பயனர் பக்கத்திலும் கட்டுரையின் பேச்சுப் பக்கத்திலும் எழுதி வைக்கட்டும்.

‘நல்லது செய்கிறவர்களைப் பற்றி ஒரு சின்னப் பிள்ளை எழுதுகிறது, இவ்வளவு கெடுபிடியா’ என்று சிலர் கேட்கலாம். நிறுவனத்தின் சேவையை யாரும் குறைத்துப் பேசவில்லை. அதை வாசிக்கும் வெளியூர்க்காரர் எதை நம்பி ஏற்பார் என்பதுதான் கேள்வி. ஒரு சுற்றில் மூன்று திருத்தத்துக்கு மேல் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை சரியாகச் செய்த ஒன்றையும், ‘நன்று’ என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த வரி, ஏன் என்று குறிப்பிடுங்கள்.

எவ்வளவு தேடியும் வெளிச்சான்று ஒன்றுக்கு மேல் தேறவில்லையா? தனிக்கட்டுரை வேண்டாம். அந்த ஒரு சான்றோடு, நிறுவனம் இருக்கும் ஊரின் கட்டுரையில் மூன்று நான்கு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். நம் மாவட்டத்து ஊர்க் கட்டுரைகள் பல மக்கள்தொகைக் கணக்கோடு நின்றுபோயிருக்கின்றன, அங்கே அந்த வரிகளுக்கு இடம் இருக்கிறது.